சர்ச் லைட்டுக்குப் புது பல்பும் புது பேட்டரியும்: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

இரவில் மோட்டார் கொட்டகைக்குப் போகிறவர்களும் தோப்புக் காவலுக்கு இருப்பவர்களும் வைத்திருக்கும் பெரிய கை சர்ச் லைட்டுகளில் பல இன்னும் பழைய அமைப்பில்தான் இருக்கின்றன. உள்ளே 6 வோல்ட் 4.5 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி, முன்னால் எச்3 ஹாலஜன் பல்பு, கைப்பிடியில் ஒரு சுவிட்ச், பின்னால் சார்ஜ் போடும் துளை, அவ்வளவுதான். உடம்பும் ரிஃப்ளெக்டரும் நன்றாக இருக்கும்போது விளக்கையே தூக்கிப்போட மனம் வராது. அதிக வாட் பல்பு போடுகிறோம், அல்லது எல்இடி போடுகிறோம், லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறோம். அதன் பிறகுதான் புதுப்புதுக் கோளாறுகள் வருகின்றன.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பல்பும் அல்ல, பேட்டரியும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒயர், சுவிட்ச், லக் (ஒயர் முனையில் உள்ள பித்தளை மாட்டி), ஃபியூஸ் ஆகியவைதான். கடைக்குப் போய் இன்னொரு பல்பு வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். சாதாரண மீட்டரே போதும்.

மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் துளையில்தான் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் செருகியபடி பேட்டரியில் வைத்தால் அது நேர் ஷார்ட். விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனைகளில் ஒரு முறை பாருங்கள். பிறகு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பின் இரண்டு கால்களில் பாருங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வழியில் தொலைந்த வோல்ட் கிடைக்கும். விளக்கு அணைந்திருக்கும்போது எடுக்கும் அளவு இதற்கு உதவாது. கரண்ட் ஓடாதபோது அழுகிப்போன ஒயர்கூட முழு வோல்ட்டைக் காட்டும். 6 வோல்ட் விளக்கில் வழி இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்ளும், 12 வோல்ட் விளக்கில் 0.4 வோல்ட்டுக்குள்ளும் இருந்தால் நல்லது.

இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் விளக்கின் கோளாறு எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

அதிக வாட் பல்பு போட்டும் வெளிச்சம் ஏறவில்லை

அடிக்கடி கேட்கும் புகார் இதுதான். 35 வாட் பல்பைக் கழற்றி 55 வாட் போட்டாயிற்று. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாகக்கூடத் தெரிகிறது.

6 வோல்ட்டில் 35 வாட் என்றால் சுமார் 5.8 ஆம்பியர். 55 வாட் என்றால் 9 ஆம்பியருக்கு மேல். ஆனால் உள்ளே இருக்கும் ஒயர் பெரும்பாலும் அரை ஸ்கொயர் எம்எம்தான். போக வர 60 செ.மீ. ஒயர் என்று வைத்துக்கொண்டால் அதில் மட்டும் 0.2 வோல்ட்டை ஒட்டி விழும். கறுத்துப்போன சுவிட்ச் முனையில் இன்னொரு கால் வோல்ட், தளர்ந்த லக்கில் கொஞ்சம். மொத்தமாக 0.6 வோல்ட் போய்விடுகிறது. பேட்டரி முனையில் 5.9 வோல்ட் இருந்தால் பல்புக்குக் கிடைப்பது 5.3 வோல்ட்தான்.

அரை வோல்ட்தானே என்று விட்டுவிட முடியாது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் மடிப்படி மாறுகிறது. வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் 30 விழுக்காடு குறையும். 6 வோல்ட் பல்புக்கு 5.3 வோல்ட் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். அரை அங்குலக் குழாயை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் தண்ணீர் எவ்வளவு கூடுமோ அவ்வளவுதான் இங்கும் கூடும்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் லக்குகளைக் கழற்றுங்கள். பித்தளை பளிச்சென்று தெரியும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிளையரால் சற்றே இறுக்கிவிட்டு மாட்டுங்கள். திரும்ப அளந்து பாருங்கள். பல விளக்குகள் இதிலேயே சரியாகிவிடும். அடுத்து ஒயரை 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயராக மாற்றுங்கள். அதே 60 செ.மீ. தூரத்தில் இழப்பு 0.06 வோல்ட்டாக இறங்கிவிடும். வாங்கும்போது ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம், வேண்டாம்.

கடைசியாகச் சுவிட்ச். எரியும்போது சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாற்றிவிடுங்கள். சுவிட்சின் மேல் 6 ஆம்பியர் 250 வோல்ட் என்று எழுதியிருப்பது வீட்டு ஏசி மின்சாரத்துக்கான அளவு. ஹாலஜன் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதனால் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு கணம் பல மடங்கு கரண்ட் பாய்ந்து முனையைக் கருக்குகிறது. ஆம்பியர் கூடிய டிசி சுவிட்ச் போடலாம். இடம் இருந்தால் 12 வோல்ட் விளக்கில் ஒரு சிறிய வண்டி ரிலேயைப் போட்டு, பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இழுக்கும்படி செய்வது இன்னும் நல்லது.

12 வோல்ட் விளக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்3 12 வோல்ட் 55 வாட் பல்புக்குச் சொல்லப்படும் 1450 லூமென் 13.2 வோல்ட்டில் அளந்தது. வண்டியில் ஆல்டர்னேட்டர் ஓடும்போது அந்த வோல்ட் கிடைக்கும். கை விளக்கில் லெட் ஆசிட் பேட்டரி, லோடு விழுந்ததும் 11.5 வோல்ட்டுக்கு வந்துவிடும். அப்போது கிடைப்பது 900 லூமெனை ஒட்டித்தான். அதே பல்பை நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் போட்டால் லோடிலும் 12.7 வோல்ட் அளவில் நிற்கும். பல்பை மாற்றாமலே வெளிச்சம் கிட்டத்தட்ட 40 விழுக்காடு ஏறும். 100 வாட் பல்புக்குக் கொடுக்கும் காசை முதலில் பேட்டரியில் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் மின்னி அணைந்துவிடுகிறது

லித்தியம் பேட்டரிக்கு மாறிய பிறகு இது வந்தால், செல்களைக் காக்கும் சின்ன மின்னணுப் பலகையான பிஎம்எஸ்ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலே சொன்ன அந்த முதல் கணப் பாய்ச்சலை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு பலகை லைனைத் துண்டித்துவிடுகிறது. பேட்டரியின் வெளி முனையில் அளந்தால் பூஜ்யம் காட்டும், செல்களில் நேராக அளந்தால் முழு வோல்ட் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே இல்லை. பல பலகைகள் லோடை எடுத்துவிட்டால் தானாக மீளும். சில, சார்ஜரை ஒரு நொடி செருகினால்தான் விழிக்கும்.

9 ஆம்பியர் பல்புக்கு 10 ஆம்பியர் பிஎம்எஸ் போதாது. ஹாலஜனையே வைத்துக்கொள்வதானால் 25, 30 ஆம்பியர் தாங்கும் பலகை வேண்டும், செல்களும் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். பிஎம்எஸ் இல்லாமல் நேராக இணைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். கையில் பிடிக்கும் பொருள், மூடிய பிளாஸ்டிக் உடம்பு, கீழே விழுந்து உள்ளே ஒயர் நசுங்க வாய்ப்பு உள்ள இடம். அந்தப் பாதுகாப்பு அங்கே கட்டாயம் வேண்டும். எல்இடி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இருக்காது.

பழைய லெட் ஆசிட் பேட்டரியிலேயே இப்படி மின்னி அணைந்தால் பேட்டரி முடிந்துவிட்டது என்று பொருள். லோடு இல்லாமல் 6.3 வோல்ட் காட்டும், பல்பைப் போட்டதும் 4 வோல்ட்டுக்கு விழும். தகடுகளில் சல்ஃபேட் படிந்து உள்தடை ஏறிவிட்டது. இதை மீட்க முயல்வது வீண் வேலை.

எல்இடி எரியவே இல்லை, ஆனால் அதே இடத்தில் ஹாலஜன் எரிகிறது

மூன்று காரணங்கள்தான். ஹாலஜனுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எல்இடிக்கு உண்டு. திருப்பி மாட்டிப் பாருங்கள். நல்ல எல்இடிகளில் திருப்பி மாட்டினால் கெடாத பாதுகாப்பு இருக்கும்.

அடுத்தது வோல்ட். வண்டிக்கென்று விற்கும் எச்3 எல்இடி பல்புகள் பலவற்றில் 9 முதல் 32 வோல்ட் என்று இருக்கும். உங்கள் விளக்கு 6 வோல்ட். எல்இடிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் பலகை விழிக்கவே விழிக்காது, விழித்தாலும் சிமிட்டும். 12 வோல்ட் பல்பை வாங்கி 6 வோல்ட்டில் போடுவதுதான் இந்த வேலையில் அதிகமாகப் பணம் வீணாகும் இடம். 6 வோல்ட்டுக்கு ஏற்ற எல்இடி கிடைக்காவிட்டால், 5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் டிரைவர் பலகையும் தனி எல்இடியும் வாங்கிப் பொருத்துங்கள். வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் பலகையும் உண்டு. ஆனால் அது பேட்டரியிலிருந்து அதற்கேற்பக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடும் ஆகும். கை விளக்கில் அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

மூன்றாவது, எச்3 பல்பின் ஒரு முனை அதன் உலோக விளிம்பு வழியாகவே இணைப்பு எடுக்கும் அமைப்பு. எல்இடி பல்பில் இரண்டு ஒயர் தனியாக வரும். மைனஸ் ஒயரை எங்கும் இணைக்காமல் விட்டிருப்பார்கள்.

நன்றாக எரிகிறது, பத்தே நிமிடத்தில் மங்கிவிடுகிறது

ஹாலஜனும் லெட் ஆசிட்டும் என்றால் இது கோளாறே இல்லாமல்கூட இருக்கலாம். 4.5 ஏஎச் என்று பேட்டரியில் அச்சடித்திருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்யும்போது கிடைக்கும் அளவு, அதாவது 0.225 ஆம்பியர் எடுத்தால். நீங்கள் எடுப்பது 9 ஆம்பியர். 4.5ஐ 9ஆல் வகுத்து அரை மணி நேரம் வரும் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த வேகத்தில் உறிஞ்சினால் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுக்கும். புது பேட்டரியே பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் தளர்ந்துவிடும். 35 வாட் பல்பிலிருந்து 55 வாட்டுக்கு மாறியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

லோடில் 5.25 வோல்ட்டுக்குக் கீழே போனதும் விளக்கை அணைத்துவிட வேண்டும். சிவந்த பிறகும் எரியவிட்டு, அப்படியே மூலையில் வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்து சார்ஜ் போடும் பழக்கம்தான் லெட் ஆசிட் பேட்டரிகளைக் கொல்கிறது.

மாற்றாக என் முதல் தேர்வு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். சோலார் தெருவிளக்குகளில் போடும் 32650 அல்லது 32700 அளவு செல், 3.2 வோல்ட் 6 ஏஎச். இரண்டைத் தொடராக இணைத்தால் 6.4 வோல்ட். பழைய 6 வோல்ட் 4.5 ஏஎச் பேட்டரி இருந்த இடம் ஏறக்குறைய 70க்கு 47க்கு 100 மி.மீ. பக்கத்தில் பக்கமாக நிற்கும் இரண்டு செல்களுக்கு 64க்கு 32க்கு 70 மி.மீ. இருந்தால் போதும். மீதி இடத்தில் பிஎம்எஸ் பலகையும் ஃபியூஸும் உட்கார்ந்துவிடும். எடையும் 700 கிராமுக்கு மேல் இருந்தது 300 கிராமாகக் குறையும். இரவு முழுவதும் தூக்கி நடக்கிறவருக்கு அது பெரிய விடுதலை. அதோடு 15 வாட் எல்இடி சேர்ந்தால் இழுப்பு இரண்டரை ஆம்பியர் அளவுதான், இரண்டு மணி நேரம் தாராளமாக எரியும். நல்ல 15 வாட் எல்இடி, 55 வாட் ஹாலஜன் தரும் லூமெனுக்குச் சமமாகவே தரும்.

செல்லின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள். சூடு உள்ளே போய் செல் கெடும். தகடு வெல்டிங் செய்த செல்லோ திருகு வைத்த செல்லோ வாங்குங்கள். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். எல்இடிக்கு 5 ஆம்பியர், 55 வாட் ஹாலஜனுக்கு 15 ஆம்பியர்.

லித்தியம் போட்டும் சீக்கிரம் மங்கினால் இரண்டு வழியில் பிரித்துப் பாருங்கள். மங்கிய உடனே அணைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். பழைய வெளிச்சம் திரும்பி வந்தால் அது சூடு, டிரைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கிறது. கீழே சூடு பற்றிய பகுதியைப் பாருங்கள். திரும்பி வராவிட்டால் அது செல். 18650 செல் போட்டவர்கள் உறையைப் படியுங்கள். அந்த அளவில் தரமான செல்லின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 எம்ஏஎச் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான செல் பெரும்பாலும் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே பாதி காலி.

இரண்டு செல்லும் நல்லவையாக இருந்தும் பாதி நேரமே வருகிறதா? அவை சமநிலையில் இல்லை. சேர்க்கும் முன் அயர்ன் பாஸ்பேட் செல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக 3.65 வோல்ட் வரை சார்ஜ் செய்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று நிறைந்ததும் பிஎம்எஸ் நிறுத்திவிடும், மற்றது பாதியிலேயே நிற்கும்.

வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது, ஆனால் தூரம் எட்டவில்லை

எல்இடிக்கு மாறியவர்களின் பெரிய ஏமாற்றம் இது. காலடியில் பகல் போல இருக்கும், தோப்பின் மறுமுனை இருட்டாகவே இருக்கும். நிறைய பேர் இதற்கு இன்னும் அதிக லூமென் பல்பு வாங்குகிறார்கள். அதனால் காலடிதான் இன்னும் பளிச்சென்று ஆகும்.

லூமென் என்பது மொத்த வெளிச்சம். எட்டும் தூரத்தைத் தீர்மானிப்பது ஒரே திசையில் எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பது, அதற்கு அளவு கேண்டெலா. டார்ச் நிறுவனங்கள் பின்பற்றும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரப்படி, வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் தூரம்தான் எட்டும் தூரம். ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம் அது. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும். 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். 800 மீட்டர் வேண்டுமானால் 80,000 போதாது, 1,60,000 வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் மில்லியன் கேண்டில் பவர் எல்லாவற்றையும் நீங்களே எடைபோடலாம்.

கேண்டெலாவைக் கூட்டுவது இரண்டே விஷயம்: ரிஃப்ளெக்டரின் அகலம், வெளிச்சம் பிறக்கும் புள்ளியின் அடர்த்தி. ஹாலஜன் இழை சில மி.மீ. நீளமுள்ள மெல்லிய கம்பிச்சுருள். அதை மனதில் வைத்துத்தான் உங்கள் ரிஃப்ளெக்டரை வார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மஞ்சள் வட்டமாக அகலமாக இருக்கும் சிஓபி எல்இடியை வைத்தால் வெளிச்சம் பரவிவிடும். எக்ஸ்எச்பி70 போன்ற 7 மி.மீ. சதுர எல்இடிகளும் அப்படித்தான், மொத்த வெளிச்சம் ஏராளம், கற்றை அகலம். தூரம் முக்கியமென்றால் சிறிய ஒற்றைச் சில்லு எல்இடியைத் தேடுங்கள். லூமென் குறைவாகவே இருக்கும், ஆனாலும் அதிக தூரம் போகும்.

சரியான எல்இடி வாங்கியும் எட்டவில்லையென்றால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எச்3 பல்பில் விளிம்புத் தகட்டிலிருந்து இழையின் நடுப்பகுதி 18 மி.மீ. தூரத்தில் இருக்கும். உங்கள் எல்இடி பல்பில் தகட்டிலிருந்து சில்லின் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 20 இருந்தால் 2 மி.மீ. முன்னால் தள்ளியிருக்கிறது என்று பொருள், கற்றையைக் கெடுக்க அதுவே அதிகம். சில்லு வைத்திருக்கும் பலகை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்த பலகையின் இரு பக்கமும் சில்லு இருந்தால் ஒரு இழைக்குப் பதிலாக இரண்டு தனித்தனி இழை வைத்தது போல ஆகிவிடும்.

ஃபோகஸ் வைக்க இருட்டிய பிறகு 20, 25 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அடியுங்கள். அறைக்குள் பக்கத்துச் சுவரில் அடித்து ஃபோகஸ் வைத்தால் அது தூரத்தில் தப்பாகவே வரும். தகட்டுக்கு அடியில் அரை மி.மீ. வாஷர் ஒவ்வொன்றாகச் சேர்த்தோ எடுத்தோ, நடுப்புள்ளி மிகச் சிறியதாகவும் மிகப் பளிச்சென்றும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். பொறுமையாகச் செய்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் வேலை. முன்னேற்றம் வேறு எதிலும் இவ்வளவு கிடைக்காது.

இன்னொன்று. பனியும் தூசியும் உள்ள இரவில் நீலம் கலந்த 6500 கெல்வின் வெளிச்சம் முன்னால் வெள்ளைத் திரை போட்டது போல ஆகிவிடும். 4000 கெல்வின் அளவில் வாங்குங்கள், மண்ணின் நிறமும் இலையின் நிறமும் நன்றாகத் தெரியும். விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில் பிடித்தால் திரை நன்றாகக் குறையும்.

சுவரில் அடித்தால் நடுவில் கறுப்பு ஓட்டை

ஃபோகஸ்தான். வாஷர் வேலையை மேலே சொன்னபடி செய்யுங்கள். ஹாலஜனிலும் இது வந்தால் பல்பு தகட்டில் சரியாக உட்காரவில்லை, கம்பிக் கொக்கியை எடுத்துவிட்டு மறுபடி உட்காரவையுங்கள்.

ஹாலஜன் பல்பு அடிக்கடி போகிறது

பல்பின் காலில் வோல்ட் அதிகமா என்று பாருங்கள். 12 வோல்ட் பல்புக்கு 18650 போன்ற லித்தியம் அயான் செல் நான்கைத் தொடராக இணைப்பவர்கள் உண்டு. முழு சார்ஜில் அது 16.8 வோல்ட். வெளிச்சம் பிரமாதமாக இருக்கும். ஆனால் பல்பின் ஆயுள் வோல்ட்டின் பன்னிரண்டாம் மடிப்படி குறைகிறது. 10 விழுக்காடு கூடினாலே ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 16.8 வோல்ட்டில் அது பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே. மூன்று செல் போட்டால் மங்கல், நான்கு போட்டால் கருகல். ஹாலஜனுக்கு நான்கு செல் அயர்ன் பாஸ்பேட்தான் சரியாகப் பொருந்தும்.

வோல்ட் சரியாக இருந்தும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியோ வீக்கமோ தெரிந்தால் விரல் பட்டிருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தில் குவார்ட்ஸ் கண்ணாடி சூட்டில் நலிந்துவிடும். துணியால் பிடித்து மாட்டுங்கள், கை பட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

கைப்பிடி சுடுகிறது, பிளாஸ்டிக் வாசனை வருகிறது

உடனே அணையுங்கள். 100 வாட் ஹாலஜனைப் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டரில் போட்டிருந்தால் அது உருகத் தொடங்கியிருக்கிறது. இதற்கு மாற்று வழி இல்லை, 55 வாட்டுக்குத் திரும்புங்கள். கைவிளக்கில் 100 வாட் ஹாலஜன் வேண்டாம் என்பதே என் முடிவு.

எல்இடியின் சூடு வேறு விதம். ஹாலஜன் தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு முன்பக்கமாகவே அனுப்பிவிடும். எல்இடியின் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே மூடிய பிளாஸ்டிக் கூடு. பல்பின் பின்னால் இருக்கும் சின்ன விசிறி அதே சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். எல்இடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் துண்டைத் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகி, அதன் ஒரு முனையாவது உடம்புக்கு வெளியே தெரியும்படி வைத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். முடியாவிட்டால் வாட்டைக் குறையுங்கள். 20 வாட்டை 12 வாட்டாக்கினாலும் எட்டும் தூரம் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் குறையும்.

சூடு ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்தால், லக்கிலோ சுவிட்சிலோ ஃபியூஸ் பிடியிலோ, அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது பேட்டரி உப்பிவிட்டது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

மலிவான சர்ச் லைட்டுகள் பலவற்றில் சார்ஜருக்கு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு மின்தேக்கி, நான்கு டயோடு, ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். வீட்டு 230 வோல்ட் லைன் நேராக உள்ளே வருகிறது. பிளக் மாட்டியிருக்கும்போது பேட்டரி முனையைத் தொட்டால் மெயின் லைனைத் தொடுவதற்குச் சமம். 6 வோல்ட்தானே என்று தொடாதீர்கள். மூடியைத் திறந்துவைத்து பிளக்கை மாட்டி அளக்கவே கூடாது. கழற்றிய பிறகும் மின்தேக்கியில் சார்ஜ் நின்றிருக்கும், ஒரு நிமிடமாவது விடுங்கள். சார்ஜ் போட்டபடி விளக்கைக் கையில் எடுக்கவும் கூடாது.

இந்த வகை சார்ஜருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. இரவு முழுவதும் விட்டால் லெட் ஆசிட் பேட்டரியின் நீர் வற்றி உப்பும். லித்தியத்தை இதில் மாட்டினால் பிஎம்எஸ் ஒன்றுதான் உங்களுக்கும் தீக்கும் நடுவே நிற்கும். பேட்டரியை மாற்றும் அன்றே இந்தச் சார்ஜர் பலகையை முழுதாகக் கழற்றிவிடுங்கள். பிறகு மெயின் லைன் ஒயரைச் செருகும் துளையையும் அடைத்துவிடுங்கள், வேறு யாராவது பழைய ஒயரைச் செருகிவிடக் கூடாது. அந்த இடத்தில் ஒரு வட்ட டிசி சாக்கெட் வைத்து, பேட்டரிக்கு ஏற்ற தனி அடாப்டர் வாங்குங்கள். இரண்டு செல் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 7.3 வோல்ட், நான்கு செல்லுக்கு 14.6 வோல்ட். லித்தியம் அயான் என்றால் இரண்டு செல்லுக்கு 8.4, மூன்றுக்கு 12.6. வோல்ட் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

லெட் ஆசிட்டையே வைத்துக்கொண்டிருந்தால், சார்ஜ் போட்டுக் கழற்றி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளங்கள். 6.4க்கு மேல் இருந்தால் நிறைவு. 6.1 அளவிலேயே நின்றால் சார்ஜரோ பேட்டரியோ போதவில்லை. 5.8க்குக் கீழே இருந்தால் முழுதாகக் காலியாகிக் கிடந்திருக்கிறது, இனி பழைய கொள்ளளவு வராது. அயர்ன் பாஸ்பேட்டில் இந்தக் கணக்கு செல்லாது. பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்தான் காட்டும். அடாப்டரின் விளக்கு பச்சையாவதைத்தான் நம்ப வேண்டும்.

உப்பிய பேட்டரி எதுவானாலும் அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், குத்தவும் நசுக்கவும் செய்யாதீர்கள். குப்பையிலும் போடாமல் பேட்டரிக் கடையில் கொடுங்கள். லெட் ஆசிட்டுக்குப் பழைய ஈயத்தின் விலையாக ஏதாவது கிடைக்கும்.

மழையில் நனைந்த பிறகு கண்ணாடிக்குள் நீர்த்திவலை

முன் வளையத்தைக் கழற்றி ரப்பர் வாஷரைப் பாருங்கள். எல்இடிக்கு ஒயர் விட நீங்கள் போட்ட துளை வழியாகத்தான் பெரும்பாலும் ஈரம் ஏறியிருக்கும். சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டு, மூடும் முன் ரிஃப்ளெக்டரை வெயிலில் காயவையுங்கள். அதன் வெள்ளிப் பூச்சைத் துணியால் துடைக்காதீர்கள், ஒரு முறை தேய்த்தாலே கீறல் விழும். தூசி இருந்தால் ஊதிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.